பழைய அமெரிக்க ரயில்ரோடு ஷேர், பாண்டு சர்டிபிகேட் சேர்க்கப் போறீங்களா? காசு போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

முதல் வருஷம் நான் இந்தப் பேப்பருக்குச் செலவு பண்ணதுல பாதி தண்டம், இதை வெளிப்படையாவே சொல்லிடறேன். பென் சென்ட்ரல் கம்பெனி ஷேர் சர்டிபிகேட் ஒண்ணை "அபூர்வம், பழமையானது"ன்னு ஒருத்தர் எழுதியிருந்ததை நம்பி 60 டாலர் கொடுத்து வாங்கினேன், மூணு வாரம் கழிச்சு வேற ஒருத்தர் அதே சர்டிபிகேட் பத்தைக் கட்டாக் கட்டி அதைவிடக் குறைஞ்ச விலைக்கு வித்துட்டு இருந்தார். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து கத்துக்க ஆரம்பிச்சேன். நீங்க அதை முன்னாடியே பண்ணிடுங்க.

1. எதை வாங்குறோம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

ரெண்டு வகை இருக்கு. ஷேர் சர்டிபிகேட்னா கம்பெனியில பங்கு, பெரும்பாலும் படுக்கை வசமா இருக்கும். பாண்டுன்னா கம்பெனி வாங்கின கடனுக்கான பத்திரம், சைஸ்ல பெரிசு, நெட்டு வசமா இருக்கும், கூடவே வட்டிக் கூப்பன்கள் வரிசை வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கும். 1000 டாலர் பாண்டு, வருஷத்துக்கு 7 சதவீதம் வட்டின்னா ஆறு மாசத்துக்கு ஒரு கூப்பன், ஒவ்வொண்ணும் 35 டாலர். பாண்டு வச்சிருந்தவர் அந்தத் தேதியில கத்தரிக்கோலால வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்குவார்.

இந்தக் கூப்பனை எண்ணிப் பார்க்குறது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. 1871ல போட்ட பாண்டுல முதல் அஞ்சாறு கூப்பன் மட்டும் வெட்டி மீதி எல்லாம் அப்படியே இருந்துச்சுன்னா கதை புரிஞ்சிடும், 1873 செப்டம்பர்ல ரயில் பாண்டு வித்துட்டு இருந்த ஜே குக் கம்பெனிங்கிற பேங்க் கவுந்து அந்தப் பீதியில வரிசையா ரயில் கம்பெனிகள் வட்டி கட்ட முடியாம நின்னுபோச்சு, இதுவும் அதுல ஒண்ணா இருக்கலாம். விற்கிறவர் "கூப்பன் முழுசா இருக்கு"ன்னு பெருமையா சொல்லுவார், முழுசா இருக்குன்னா பெரும்பாலும் அது யாருக்கும் கொடுக்காத பாண்டு, இல்லைன்னா முதல் வட்டியே வராத பாண்டு.

அடுத்து நிலை. இதை விற்பனை விவரத்துல தேடிப் படிங்க, இல்லைன்னா கேளுங்க:

- யாருக்கோ பேர் போட்டுக் கொடுத்து, அப்புறம் கேன்சல் ஆனது. சேர்க்குறவங்க கையில அதிகம் இருக்குறது இதுதான். துளை போட்டிருப்பாங்க, ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சிருப்பாங்க, பேனாவால குறுக்கே எழுதியிருப்பாங்க. அதெல்லாம் குறை இல்லை. ஆனா துளை சரியா கையெழுத்து மேலயோ படத்துல இன்ஜின் மேலயோ விழுந்திருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க.
- கொடுக்காம வெத்தா இருக்குறது. பேர், தேதி, கையெழுத்து எதுவும் இருக்காது. பொதுவா விலை கம்மி.
- ஸ்பெசிமன். அச்சடிக்கிறவங்க மாதிரிக்குன்னு அடிச்சது, நம்பர் எல்லாம் பூஜ்ஜியமா இருக்கும், மேல ஸ்பெசிமன்னு போட்டிருக்கும். எண்ணிக்கை குறைவு, அதனால விலை அதிகம்.

2. ஒரு எல்லை போட்டுக்கோங்க

அமெரிக்காவுல ஆயிரக்கணக்குல ரயில் கம்பெனிகள் இருந்துச்சு, நிறைய தண்டவாளமே போடாம செத்துப்போச்சு. எல்லாத்தையும் சேர்க்கணும்னு ஆரம்பிச்சா பர்ஸ் தாங்காது. ஒரு மாநிலம்னு வச்சுக்கலாம், ஒரே குடும்பக் கம்பெனிகள்னு வச்சுக்கலாம் (நியூயார்க் சென்ட்ரலும் அது முழுங்கின சின்னக் கம்பெனிகளும் மாதிரி), இல்லை படத்தை மட்டும் பார்த்து வாங்கலாம். புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது மோனோபோலி விளையாட்டு போர்டுல வர்ற ரயில்ரோடு பேர்கள்: ரீடிங், பென்சில்வேனியா, பால்டிமோர் அண்ட் ஓஹையோ. இந்த மூணும் நிஜக் கம்பெனிகள், மூணுமே இருபதாம் நூற்றாண்டு சர்டிபிகேட்ல நிறையவே கிடைக்கும், கையைக் கடிக்காது. நாலாவதா வர்ற ஷார்ட் லைனைத் தேடி அலையாதீங்க, அந்தப் பேருக்கு நேராப் பொருந்துற கம்பெனி எதுன்னே வாக்குவாதம் ஓடிட்டு இருக்கு.

3. விலை பார்க்குறது, இதுலதான் எல்லாரும் வழுக்கி விழுறது

பழசுன்னா விலைன்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் போச்சு. எத்தனை மிஞ்சியிருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க, இந்த ரெண்டும்தான் விலை. ரயில் கம்பெனிகள் ஒண்ணோடொண்ணு சேரும்போது பழைய சர்டிபிகேட் எல்லாத்தையும் திருப்பி வாங்கி, கேன்சல் பண்ணி, கட்டுக் கட்டாக் குடோன்ல போட்டு வச்சாங்க. பின்னாடி அந்தக் குடோன் கட்டுகள் வெளிய வந்து டீலர்கள் கைக்குப் போச்சு. அதனாலதான் 1880ல போட்ட ஒண்ணு 20 டாலருக்குக் கிடைக்குது, 1910ல போட்ட ஏதோ ஒரு குட்டி லைன் 200 டாலர் கேட்குது. குட்டி லைன்ல மிஞ்சினது நாலோ அஞ்சோ.

நான் ஏமாந்த பென் சென்ட்ரலையே எடுத்துக்கோங்க. பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரலும் 1968 பிப்ரவரி 1ல சேர்ந்து உண்டான கம்பெனி, 1970 ஜூன்ல திவால். ரெண்டரை வருஷம்கூட ஓடலை, ஆனா அவ்ளோ பெரிய கம்பெனி அடிச்ச ஷேர் எத்தனை இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நான் யோசிக்கலை.

சரி, என்ன பண்ணணும்:

ஏல சைட்டுல கேட்குற விலையைப் பார்க்காதீங்க, வித்து முடிஞ்ச விலைன்னு ஒரு ஃபில்டர் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்க. ஒரே கம்பெனி, ஒரே படம், ஒரே கலர், கிட்டத்தட்ட அதே வருஷம், இப்படி குறைஞ்சது அஞ்சு விற்பனையாவது கிடைக்கிற வரைக்கும் பாருங்க. கலர் ஏன்னா, நிறைய கம்பெனிகள்ல 100 ஷேருக்கு ஒரு கலர், 100க்குக் கீழ இன்னொரு கலர்னு அடிச்சிருப்பாங்க, ஒண்ணு மலிஞ்சு கிடக்கும் இன்னொண்ணு தேடணும்.

வட அமெரிக்க ரயில்ரோடு சர்டிபிகேட்டுக்குன்னே கேட்டலாக் இருக்கு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு நம்பர் கொடுத்திருப்பாங்க. நல்ல டீலர்கள் அந்த நம்பரைப் போட்டுத்தான் விற்பாங்க. நம்பர் போடாம வெறும் "அபூர்வம்"னு மட்டும் எழுதியிருந்தா எனக்கு இப்பெல்லாம் அலர்ஜி.

முதல் ரெண்டு மாசம் ஒண்ணும் வாங்காம விலையை மட்டும் நோட்டுல எழுதிட்டு வாங்க. கேட்க மாட்டீங்கன்னு தெரியும், நானும் கேட்டிருக்க மாட்டேன், சொல்ல வேண்டியது என் கடமை. கை அரிக்குதுன்னா 10, 15 டாலருக்குள்ள ஒண்ணு வாங்கி அதை வச்சுப் பழகுங்க.

4. பேப்பரை எப்படிப் பரிசோதிக்கிறது

பத்து மடங்கு பெரிசாக் காட்டுற கை லென்ஸ் ஒண்ணு, ஒரு சின்ன யுவி (புற ஊதா ஒளி) டார்ச், இந்த ரெண்டும் வாங்கிடுங்க. ஒரு மோசமான சர்டிபிகேட்டோட விலைகூட ஆகாது.

பெரிய கம்பெனி சர்டிபிகேட் எல்லாம் எஃகுத் தகட்டுல செதுக்கி அடிச்சது. அந்தக் காலத்துல நியூயார்க் பங்குச் சந்தையில பட்டியலாகணும்னா அப்படித்தான் அடிக்கணும், படத்துல மனுஷ உருவம் வேற இருக்கணும்னு விதி இருந்துச்சு, முகத்தைக் காப்பியடிக்கிறது கஷ்டம்ங்கிறதால. இன்ஜினுக்குப் பக்கத்துல சம்பந்தமே இல்லாம ஒரு தேவதை உட்கார்ந்திருக்குதே ஏன்னு நான் ரொம்ப நாள் குழம்பியிருக்கேன், காரணம் இதான். தகட்டு அச்சுல மை கொஞ்சம் மேடா இருக்கும், விரலால லேசாத் தடவினா தெரியும், லென்ஸ்ல பார்த்தா கோடு கோடா கூர்மையாத் தெரியும். லென்ஸ்ல கலர் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா அது இந்தக் காலத்து நகல். ஆனா ஒரு விஷயம், சின்னக் கம்பெனிகள் காசு மிச்சம் பிடிக்க சாதாரண லித்தோ அச்சுல (செதுக்காம, சமதளமா அடிக்கிற மலிவான அச்சு), கடையில கிடைக்கிற ரெடிமேட் பார்டர் ஃபார்ம்ல பேரை மட்டும் சேர்த்து அடிச்சுக்கிட்டாங்க. அது தடவினா வழவழன்னு இருக்கும், அதுக்காக போலின்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

யுவி டார்ச்சை இருட்டு ரூம்ல அடிச்சுப் பாருங்க. பழைய பேப்பர் மங்கலா இருக்கும். பளீர்னு நீலவெள்ளையா ஒளிர்ந்தா பேப்பர்ல வெளுப்பு கெமிக்கல் இருக்கு, அது 1950கள் வாக்கில பரவலானது, 1880 சர்டிபிகேட்ல இருக்க வழியில்லை.

கீழ ஓரத்துல அச்சடிச்ச கம்பெனி பேர் குட்டியா இருக்கும். அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனின்னு நிறையப் பார்ப்பீங்க. அது 1858ல பல செதுக்குக் கம்பெனிகள் சேர்ந்து உருவானது, அப்போ 1850னு தேதி போட்ட சர்டிபிகேட்ல அந்தப் பேர் இருந்தா எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம். 1879ல நேஷனல், கான்டினென்டல் ரெண்டு பேங்க் நோட் கம்பெனிகளையும் அது சேர்த்துக்கிச்சு, இந்த வருஷங்களை மனசுல வச்சுக்கிட்டா தேதியைச் சரிபார்க்க உதவும்.

தேதி விஷயத்துல இன்னொரு பொறி. விளம்பரத்துல "1827"னு பெரிசாப் போட்டிருப்பாங்க. 1827ங்கிறது பால்டிமோர் அண்ட் ஓஹையோவுக்கு சார்ட்டர், அதாவது கம்பெனி தொடங்க அரசு அனுமதி, கிடைச்ச வருஷம், உங்க கைக்கு வர்ற சர்டிபிகேட் 1950கள்ல கொடுத்ததா இருக்கும். பேனாவாலயோ டைப்ரைட்டர்லயோ நிரப்பின தேதி எதுவோ அதுதான் கணக்கு.

வருவாய் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கான்னு பாருங்க. உள்நாட்டுப் போர் சமயத்துல 1862ல இருந்து 1872 வரைக்கும் இந்த மாதிரி ஆவணத்துக்கு வரி போட்டாங்க, அப்புறம் ஸ்பெயினோட சண்டை வந்தப்போ 1898ல மறுபடி. சிலதுல ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், சிலதுல பேப்பரோடவே அச்சடிச்சிருக்கும். ஸ்டாம்ப் சேர்க்குறவங்களும் இதுக்குப் போட்டிக்கு வருவாங்க, அதனால விலை ஏறும். அந்தக் கூட்டம் சில சர்டிபிகேட்ல ஸ்டாம்பை மட்டும் வெட்டி எடுத்துட்டு மீதியை வித்துடும், ஓரத்துல சதுரமா ஓட்டை இருந்தா அதான் விஷயம்.

இடது ஓரத்துல பழுப்பா பசைக்கறை, கிழிசல் இருந்தா பயப்படாதீங்க. ரசீது புக்ல இருக்குற மாதிரி அடிக்கட்டையோட அடிச்சு, வெட்டிக் கொடுத்து, கேன்சல் ஆகித் திரும்பி வந்ததும் அதே அடிக்கட்டையில பசை போட்டு ஒட்டி வச்சாங்க. அந்தக் கறை ஒருவகையில நிஜம்ங்கிறதுக்கு சாட்சி. செலோடேப் போட்டு ஒட்டினது மட்டும் வேண்டாம், அந்த மஞ்சள் கறை போகவே போகாது.

பின்பக்க போட்டோ இல்லாம எதையும் வாங்காதீங்க. பின்னாடிதான் கைமாத்தின விவரம், கையெழுத்து, ஸ்டாம்ப், டேப் எல்லாம் இருக்கும்.

5. பெரிய மனுஷங்க கையெழுத்து

இது தனி உலகம், பணமும் அதிகம் ஏமாத்தும் அதிகம். ரயில் முதலாளி ஜே கூல்ட் மிசோரி, கன்சாஸ் அண்ட் டெக்சஸ் கம்பெனி தலைவரா இருந்தப்போ 1880கள்ல கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்கள் இன்னைக்கும் கிடைக்குது, விலை நூறுகள்ல இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

கையெழுத்துப் போட்டாரா, இல்லை அவர் பேருக்குக் கொடுத்ததா? ரயில் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் பேரைச் சொல்லி "வாண்டர்பில்ட் சர்டிபிகேட்"னு இருந்ததை நான் வாங்கிட்டேன், பார்த்தா முன்பக்கம் கிளார்க் அழகா அவர் பேரை எழுதியிருக்கார், பின்பக்கம் வெற்றிடம். அவர் அந்தப் பேப்பரைத் தொட்டாரான்னே தெரியாது.

எந்த வாண்டர்பில்ட்? கார்னேலியஸ் வாண்டர்பில்ட்னு தாத்தா, பேரன், கொள்ளுப்பேரன்னு ஒரே பேர்ல பல பேர் இருந்தாங்க. காமடோர்னு சொல்றாங்களே அந்தப் பெரியவர் 1877ல போயிட்டார், பேரன் 1899ல. 1890 தேதி போட்ட பேப்பர்ல காமடோர் கையெழுத்துன்னு ஒருத்தர் எனக்கே விற்கப் பார்த்தார்.

நிஜ மையா, அச்சா, வேற ஆள் போட்டதா? பிற்காலத்துல கையெழுத்தையும் சேர்த்தே அச்சடிச்சிட்டாங்க. சில சமயம் அதிகாரம் வாங்கிக்கிட்டு செக்ரட்டரி போட்டிருப்பார். லென்ஸ்ல பாருங்க, பேனா மை பேப்பர்ல ஊறி, கோடு சேர்ற இடத்துல கருத்திருக்கும்.

முதல் வருஷம் கையெழுத்துப் பக்கம் போகாம இருக்குறது உத்தமம். போயே தீருவேன்னா, போலின்னு தெரிஞ்சா எப்ப வேணா திருப்பி எடுத்துக்குவோம்னு எழுத்துல கொடுக்குற டீலர்கிட்ட மட்டும் போங்க.

6. "இதை இன்னும் காசாக்கலாம்"னு சொன்னா எழுந்து ஓடிடுங்க

இதைச் சொல்லியே லட்சக்கணக்குல அடிச்சவங்க இருக்காங்க. பழைய தங்க பாண்டுல "தங்க நாணயமாத் திருப்பித் தருவோம்"னு அச்சடிச்சிருக்கும், அதைக் காட்டி வட்டியோட சேர்த்தா இன்னைக்குக் கோடிக்கணக்கு டாலர் வரும்னு கணக்குப் போட்டுக் காட்டுவாங்க, கூடவே ஒரு மதிப்பீட்டு சர்டிபிகேட் வேற. அமெரிக்க நிதித்துறையே இதுக்கு எச்சரிக்கை போட்டிருக்கு, 1873 தேதி போட்ட சிகாகோ, சாகினா அண்ட் கனடா ரயில்ரோடு பாண்டு இந்த மோசடியில அடிக்கடி அடிபடுற பேர். தங்கமாத்தான் தரணும்ங்கிற ஷரத்து செல்லாதுன்னு அமெரிக்க காங்கிரஸ் 1933 ஜூன்லயே தீர்மானம் போட்டிருச்சு. கம்பெனியே இல்லாதப்போ யார்கிட்ட போய்க் கேட்பீங்க?

முதிர்வு தேதியும் சிலரை மயக்கும். வெஸ்ட் ஷோர் ரயில்ரோடு பாண்டுல முதிர்வு 2361னு போட்டிருக்கும், எழுத்துப் பிழை இல்லை, 475 வருஷத்துக்குக் கடன் வாங்கினாங்க! அதுக்கு கேரண்டி கொடுத்தது நியூயார்க் சென்ட்ரல். அது என்னாச்சுன்னு மேலயே சொல்லிட்டேன். அலங்காரமா வச்சுக்க அருமையான பேப்பர், அவ்ளோதான்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு: கேன்சல் ஆகாத, 1960களுக்குப் பின்னாடி வந்த ஷேர் உங்க வீட்டுப் பெட்டியிலயே கிடைச்சா உடனே வித்துடாதீங்க, அந்தக் கம்பெனியை வாங்கினது யாருன்னு தேடி அவங்க டிரான்ஸ்ஃபர் ஏஜென்ட்கிட்ட (ஷேர் யார் பேர்ல இருக்குன்னு கணக்கு வைக்கிறவங்க) ஒரு தடவை கேட்டுடுங்க.

7. செலவும் நேரமும்

ஏலத்துல அடிச்ச விலை மட்டும் உங்க விலை இல்லை. ஏல நிறுவனங்கள் வாங்குறவர்கிட்ட பிரீமியம்னு 20 சதவீதமோ அதுக்கு மேலயோ போடும், நிபந்தனைப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். 100 டாலருக்கு எடுத்தா பிரீமியம் 20, இன்சூரன்ஸோட தபால் 15, 20, அப்புறம் சேல்ஸ் டாக்ஸ், நாடு தாண்டினா கஸ்டம்ஸ். கைக்கு வரும்போது 150 ஆயிடும். ஏலத்துக்கு முன்னாடியே கடைசி நம்பர்ல இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு உச்ச வரம்பு வச்சுக்கோங்க.

ஒரே டீலர்கிட்ட நாலஞ்சு சேர்த்து வாங்கினா தபால் ஒரு தடவைதான். ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல மடிக்காம அனுப்பச் சொல்லி எழுதிக் கேளுங்க. ஏற்கனவே மடிப்பு இருக்குற பேப்பர்தானேன்னு ஒருத்தர் மடிச்சுக் கவர்ல போட்டு அனுப்பினார், நூறு வருஷ மடிப்பு அன்னைக்குக் கிழிஞ்சது.

பணம் திருப்பிக் கேட்க வழி இருக்குற முறையில மட்டும் கட்டுங்க. பார்சல் வந்ததும் பிரிக்கிறதை வீடியோ எடுத்து, அன்னைக்கே லென்ஸ், யுவி எல்லாம் பார்த்து முடிச்சிடுங்க, ரிட்டர்ன் கெடு பல இடத்துல வாரக்கணக்குதான்.

8. வந்ததுக்கப்புறம்

பாலியஸ்டர் கவர் வாங்குங்க, மைலார்னு கேட்டாக் கிடைக்கும். பிளாஸ்டிக் வாசம் அடிக்கிற மெத்துமெத்து பிவிசி ஃபைல் வேண்டாம், நான் அதுலதான் வச்சேன், ரெண்டு வருஷத்துல மை கவர்ல ஒட்டிக்கிச்சு. லேமினேஷன் பண்ணவே கூடாது, பண்ணா அதோட விலை முடிஞ்சது. அமிலமில்லாத அட்டையைப் பின்னாடி வச்சு, படுக்கை வசமா, வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்துல வைங்க. சுவத்துல மாட்ட ஆசையா இருந்தா கலர் பிரிண்ட் எடுத்து அதை மாட்டுங்க, ஒரிஜினல் பெட்டியில இருக்கட்டும்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதி வைங்க: கம்பெனி, சர்டிபிகேட் நம்பர், தேதி, கேட்டலாக் நம்பர், யார்கிட்ட வாங்கினது, எல்லாச் செலவும் சேர்த்து எவ்ளோ. பில்லை ஸ்கேன் பண்ணி, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. இன்சூரன்ஸ் எடுக்கணும்னாலும் பின்னாடி விற்கணும்னாலும் இதைத்தான் கேட்பாங்க. அமெரிக்காவுல வரி கட்டுறவங்களுக்கு இன்னும் முக்கியம், ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து லாபத்துக்கு வித்தா சேகரிப்புப் பொருளுக்கான வரி 28 சதவீதம் வரைக்கும் போகும், வாங்கின பில் இல்லைன்னா முழுப் பணமும் லாபம்னு ஆயிடும்.

விற்கும்போது டீலர் பாதி விலைதான் கொடுப்பார், கோபப்படாதீங்க, அவர் அதை மாசக்கணக்குல வச்சிருந்து விற்கணும். ஏலத்துல போட்டா கமிஷன் போக, காசு கைக்கு வர சில மாசம் ஆகும். என்னோட அந்த 60 டாலர் பென் சென்ட்ரலை 5 டாலருக்குக் கேட்டாங்க, கொடுக்கலை, பெட்டியில மேலாக வச்சிருக்கேன்.